லாட்கே சுடும் பாட்டிகளும் காணாமல் போன கேள்விகளும்

அமெரிக்காவில் நவம்பர் பிறந்துவிட்டால் புத்தகக் கடைகளில் ஒரு சின்ன மேஜை முளைக்கும். நீலமும் வெள்ளியும் கலந்த அட்டைகள். ஒன்பது கிளை விளக்கு, ஒரு பம்பரம், எண்ணெயில் பொரிகிற உருளைக்கிழங்கு அடை, மூக்குக் கண்ணாடி போட்ட பாட்டி. யூதக் குழந்தைகளுக்கான ஹனுக்கா படப் புத்தகங்கள்! பக்கத்திலேயே அதைவிடப் பல மடங்கு பெரிய மேஜையில் கிறிஸ்துமஸ் புத்தகங்கள். ஜனவரி வந்ததும் இரண்டு மேஜைகளும் காணாமல் போய்விடும்.

"பரவாயில்லையே, சிறுபான்மையினருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. படட்டும். ஆனால் மேஜை மேல் இருப்பதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுவது நல்லது. அவற்றில் பாதிக்கு மேல் கதைப் புத்தகங்களே கிடையாது. படம் போட்ட செய்முறை விளக்கங்கள்.

ஒன்றைப் படித்தால் போதும், மற்றதை ஊகித்துவிடலாம். குழந்தை கண் விழிக்கிறது. இன்று பண்டிகை என்று அம்மா சொல்கிறாள். பாட்டி வருகிறாள். "இது ஏன் பாட்டி?" என்று குழந்தை கேட்கிறது. பாட்டி பதில் சொல்கிறாள். விளக்கு ஏற்றுகிறார்கள். அடை சாப்பிடுகிறார்கள். எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருளும் அடை செய்யும் முறையும். முற்றும்.

இதில் அந்தக் குழந்தைக்கு என்ன வேலை? பாட்டி பதில் சொல்வதற்கு வசதியாகக் கேள்வி கேட்டுக் கொடுப்பது மட்டும்தான். அதற்கு ஆசை இல்லை, பயம் இல்லை, பொறாமை இல்லை, கோபம் இல்லை. தம்பியைக் கிள்ளுவதுகூட இல்லை. இப்படி ஒரு குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது?

முதலில் காலண்டர் கணக்கு

யூத சமயக் காலண்டரில் ஹனுக்கா ஒரு சின்னப் பண்டிகை. மோசேயின் ஐந்து நூல்களில் பஸ்கா உண்டு, வாரங்களின் பண்டிகை உண்டு, கூடாரப் பண்டிகை உண்டு, எக்காளம் ஊதும் நாள் உண்டு (இன்று ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டு), பாவ நிவாரண நாளான யோம் கிப்பூர் உண்டு. ஹனுக்கா கிடையாது. எபிரேய வேதாகமத்தில் எங்குமே அதற்கென்று ஒரு புத்தகம் இல்லை. அந்த எட்டு நாட்களும் வேலைக்குப் போகத் தடையும் இல்லை.

பிறகு ஏன் கடைகளில் ஹனுக்காவுக்கு இவ்வளவு மவுசு? பதில் சுலபம். அது டிசம்பரை ஒட்டி வருகிறது. கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் நிற்க ஏதாவது வேண்டும். ஆக, ஒரு சமூகத்தின் எந்தப் பண்டிகை "பெரிய" பண்டிகை என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரின் பண்டிகை முடிவு செய்கிறது!

யோம் கிப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நீ செய்த தீங்கை அவரிடமே போய்ச் சரிசெய்து அவரைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாள் உன்னை மன்னிக்காது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. கடவுளிடம் மன்றாடுவதால் மட்டும் தப்பித்துவிட முடியாது. நண்பனின் பொம்மையை உடைத்துவிட்டு ஒளித்து வைத்த ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் உலகத்தில் உண்டா? ஹனுக்கா புத்தகங்களின் குவியலோடு ஒப்பிட்டால் இதைப் பற்றிய புத்தகங்கள் சொற்பம். வாரம் தவறாமல் வருடத்துக்கு 52 முறை வருகிற ஓய்வுநாளுக்கும் அதே கதிதான். அவற்றுக்குப் போட்டியாகப் பக்கத்து மேஜையில் எதுவும் இல்லையே!

குழந்தைக்காகவே ஒரு பண்டிகை

இதில் வேடிக்கை என்னவென்றால், கேள்வி கேட்கிற குழந்தையை நடுவில் உட்கார வைத்துத்தான் யூதர்கள் தங்கள் மிகப் பெரிய குடும்பச் சடங்கையே கட்டியிருக்கிறார்கள். பஸ்கா இரவு விருந்துக்கு செடர் என்று பெயர். அன்று மேஜையில் இருப்பவர்களிலேயே சிறிய குழந்தை எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எப்படி வேறுபட்டது என்று கேட்க வேண்டும். குழந்தை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனி ஆளாக இருந்தால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது தால்முத். கேள்வி இல்லாமல் கதை தொடங்கவே முடியாது!

அன்றிரவு வாசிக்கும் நூல் ஹகடா. அதில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். புத்திசாலி, துஷ்டன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். துஷ்டன் "இந்தச் சடங்கெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்ற தோரணையில் கேட்கிறான். அவனுக்குக் கிடைக்கும் பதில் சூடானது. ஆனால் கவனியுங்கள், அவனும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறான். நூற்றாண்டுகளாக ஒவ்வொரு வருடமும் அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு. இன்றைய படப் புத்தகங்களில் அந்த நாற்காலி காலி. துஷ்டன் போய்விட்டான். வெகுளியும் கேட்கத் தெரியாதவனும் மட்டும் மிச்சம்.

படம் என்று பார்த்தாலும் இது நேற்று தொடங்கிய வேலை இல்லை. 1300 வாக்கில் தெற்கு ஜெர்மனியில் எழுதிய ஒரு ஹகடாவில் மனிதர்களுக்குப் பறவைத் தலை வரைந்திருக்கிறார்கள். அது இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில் இருக்கிறது. 1350-ஐ ஒட்டி ஸ்பெயினில் உருவாகி இன்று சரயேவோவில் இருக்கும் ஹகடாவின் பக்கங்களில் திராட்சை ரசக் கறைகள் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்த பொருள் இல்லை அது. சாப்பாட்டு மேஜையில் கைக்குக் கை மாறிய புத்தகம்.

1526-ல் பிராகா நகரில் அச்சான ஹகடாவில் திடீரென்று ஒரு முயல் வேட்டைப் படம் வரும். பஸ்காவுக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை! சனிக்கிழமை இரவில் செடர் வந்தால் ஆசீர்வாதங்களை எந்த வரிசையில் சொல்வது என்பதற்கு 'யக்னஹாஸ்' என்று ஒரு சுருக்கக் குறி. அது ஜெர்மன் மொழியில் "முயலை வேட்டையாடு" என்பது போல் காதில் விழும். அவ்வளவுதான் விஷயம். ஒரு சிலேடைக்காகப் புனித நூலில் நாயையும் முயலையும் ஓட விட்டிருக்கிறார்கள். இந்தத் துணிச்சல் ஐந்நூறு வருடம் கழித்து எங்கே போனது?

அதே விருந்தின் முடிவில் 'ஹத் கத்யா' என்ற பாட்டு. ஆட்டுக்குட்டியைப் பூனை தின்கிறது, பூனையை நாய் கடிக்கிறது, நாயைக் கோல் அடிக்கிறது, கோலை நெருப்பு எரிக்கிறது, நெருப்பைத் தண்ணீர் அணைக்கிறது, தண்ணீரை மாடு குடிக்கிறது, மாட்டைக் கசாப்புக்காரன் அறுக்கிறான், அவனை மரண தூதன் கொல்கிறான், கடைசியில் மரண தூதனைக் கடவுள் கொல்கிறார். 1590 பிராகா ஹகடாவிலேயே அச்சாகிவிட்ட பாட்டு இது. குழந்தைகள் மேஜையைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். எல் லிசிட்ஸ்கி என்ற ஓவியர் 1919-ல் கீவ் நகரில் இதைப் படப் புத்தகமாகவே போட்டார். மரணம் குழந்தைக்குப் புரியாது, பயந்துவிடும் என்று அவர்கள் யாரும் பதறவில்லை.

சர்க்கரைப் பூச்சு

இன்றைய புத்தகங்களோ பதறிக்கொண்டே இருக்கின்றன. எதையெல்லாம் வெட்டுகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

ஹனுக்காவின் பின்னணி கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. அந்தியோகஸ் என்ற கிரேக்க அரசனுக்கு எதிராக மக்கபேயர்கள் போராடி, கி.மு. 164-ல் எருசலேம் ஆலயத்தை மீட்டார்கள். அது அந்நியனுக்கு எதிரான போர் மட்டும் கிடையாது. கிரேக்க வழக்கத்தை விரும்பிய யூதர்களுக்கும் அதை வெறுத்த யூதர்களுக்கும் இடையே நடந்த சண்டையும்கூட. எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம் மக்கபேயர் முதல் நூலில் இல்லை. பல நூற்றாண்டு கழித்துத் தால்முத்தில் வருகிறது. படப் புத்தகங்களில் போர் ஒரு பக்கம், எண்ணெய் பத்துப் பக்கம்.

பூரிம் பண்டிகை எஸ்தரின் கதை. அழகிய ராணி, கெட்ட மந்திரி ஆமான், முகமூடி, இனிப்பு. எல்லாம் சரி. ஆனால் எஸ்தரின் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தில் யூதர்கள் தங்கள் பகைவர்களில் 75,000 பேரைக் கொன்றதாகவும் ஆமானின் பத்துக் குமாரர்களின் உடல்களைத் தூக்கில் தொங்கவிட்டதாகவும் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு அதை வரைந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் எட்டு வயதுக்கும் அதே முகமூடியும் இனிப்பும்தான் என்றால்? பிறகு ஒருநாள் மூல நூலைப் படிக்கிற பதினாறு வயசுப் பிள்ளை "எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று நினைத்தால் அதில் என்ன தவறு?

பஸ்காவில் நடப்பது இன்னும் மோசம். எகிப்தின் பத்து வாதைகள் பல புத்தகங்களில் தவளை தாவும் வேடிக்கை. ஆனால் செடர் மேஜையில் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் தங்கள் கோப்பையிலிருந்து ஒரு துளி திராட்சை ரசத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஏன் என்றால், எகிப்தியர்கள் செத்தார்கள், அதனால் நம் சந்தோஷம் அந்த அளவுக்குக் குறையட்டும் என்று வழிவழியாக ஒரு விளக்கம் சொல்வார்கள். பத்துச் சொட்டு! எதிரியின் பிள்ளைக்காக வருத்தப்படக் கற்றுக்கொடுக்க இதைவிட எளிய வழி உண்டா? தவளை பொம்மை இருக்கிறது, சொட்டைக் காணோம் என்றால் அந்தப் புத்தகம் எதைத்தான் கற்றுக்கொடுக்கிறது?

முடியாது என்று யார் சொன்னது?

"குழந்தைப் புத்தகத்தில் இவ்வளவுதான் செய்ய முடியும்" என்று தப்பிக்க முடியாது. செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பார்பரா கோஹன் 1972-ல் எழுதிய 'குளியல் தொட்டியில் ஒரு கெண்டை மீன்'. பஸ்கா விருந்துக்காக அம்மா உயிரோடு வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்ட மீனுடன் லியாவும் ஹாரியும் சிநேகமாகிவிடுகிறார்கள். ஜோ என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். பெயர் வைத்த பிறகு எப்படிச் சாப்பிடுவது? ஒளித்து வைக்கப் பார்க்கிறார்கள், அகப்பட்டுக்கொள்கிறார்கள். மீன் பிழைக்கவில்லை. விருந்து விருந்தாகவே நடக்கிறது, குழந்தைகளுக்கு அந்த மீன் இறங்கவில்லை. சடங்குக்கு ஒரு விலை உண்டு என்பதை ஒரு பிரசங்கம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்.

எரிக் கிம்மல் எழுதி ட்ரினா ஷார்ட் ஹைமன் படம் வரைந்த 'ஹெர்ஷலும் ஹனுக்கா பூதங்களும்' 1989-ல் வந்தது. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கதை அது. 'கிரிக்கெட்' என்ற சிறுவர் பத்திரிகையில் வெளியான பிறகுதான் புத்தகமானது. மலை மேல் பாழடைந்த ஜெபாலயம், அதில் பூதங்கள், எட்டு இரவு தனியாகத் தங்க வேண்டிய ஒரு ஊர்சுற்றி. வேகவைத்த முட்டையைக் கல் என்று சொல்லி நசுக்கிக் காட்டியும், ஊறுகாய் ஜாடியில் கையை மாட்ட வைத்தும் பூதங்களை ஏமாற்றுகிறான். எட்டாம் நாள் பூதராஜாவையே மெழுகுவர்த்தி ஏற்ற வைக்கிறான். ஹைமனின் பூதங்கள் நிஜமாகவே பயங்கரம். 1990-ல் கால்டிகாட் கௌரவம் கிடைத்தது. இருட்டு உண்மையாக இருந்தால்தான் விளக்குக்கு மதிப்பு என்பது அந்தப் படங்களைப் பார்த்தாலே புரியும்.

அதே கிம்மல் 2000-ல் எழுதிய 'கெர்ஷோனின் பூதம்' ரோஷ் ஹஷானா கதை. தான் செய்த தப்புகளையெல்லாம் பெருக்கி நிலவறையில் தள்ளிவிட்டு, வருடத்துக்கு ஒரு தரம் மூட்டை கட்டிக் கடலில் கொட்டுகிற ரொட்டிக் கடைக்காரர். யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கொட்டியதெல்லாம் ஒருநாள் பூதமாக எழுந்து அவருடைய பிள்ளைகளைத் தேடி வருகிறது. மன்னிப்பு என்பது என்ன என்று கேட்கிற குழந்தைக்கு இந்த ஒரு புத்தகம் போதும்.

குடும்ப வழக்கம் என்றால் பட்ரிஷியா பொலாக்கோவின் 'காத்து வைத்த போர்வை' (1988). ரஷ்யாவிலிருந்து வந்த குடும்பம் பழைய துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப் போர்வை, தலைமுறை தலைமுறையாக ஓய்வுநாள் மேஜை விரிப்பாகவும், கல்யாணப் பந்தலாகவும், பிறந்த குழந்தைக்குப் போர்த்துவதாகவும் கை மாறுகிறது. ஆட்கள் கறுப்பு வெள்ளையில், போர்வை மட்டும் வண்ணத்தில். முக்கியமான விஷயம், ஒவ்வொரு கல்யாணத்திலும் ஏதோ ஒன்று மாறுகிறது. முதலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடவில்லை, பிறகு ஆடுகிறார்கள். பிறகு யூதரல்லாத நண்பர்கள் வருகிறார்கள். மரபு மாறிக்கொண்டே பிழைக்கிறது என்பதை மறைக்கவில்லை அவர்.

எந்த ஊர்ப் பாட்டி?

சரி, அந்த அடை சுடும் பாட்டி எந்த ஊர்? ஏறக்குறைய எப்போதும் கிழக்கு ஐரோப்பா. அமெரிக்க யூதர்களில் பெரும்பான்மையோர் அங்கிருந்து வந்த அஷ்கெனாசிகள். அதனால் அவர்கள் வீட்டுச் சமையலே யூதச் சமையல் என்றாகிவிட்டது.

பஸ்காவில் அரிசி கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அது அஷ்கெனாசி வழக்கம். அன்று அரிசிச் சோறு சாப்பிடுகிற யூதக் குடும்பங்கள் மத்தியக் கிழக்கில் ஏராளம். பாரசீக யூதர்கள் செடர் மேஜையில் வெங்காயத் தாளால் ஒருவரையொருவர் அடித்து விளையாடுவார்கள். மொராக்கோ யூதர்கள் செடர் தட்டை ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சுற்றுவார்கள். எத்தியோப்பிய யூதர்களுக்கு யோம் கிப்பூர் முடிந்த ஐம்பதாம் நாள் சிக்த் என்று தனிப் பண்டிகையே உண்டு. மும்பையையும் கொங்கணத்தையும் சேர்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் அவலும் தேங்காயும் பழமும் வைத்து எலியா தீர்க்கதரிசிக்கு மலிதா படைப்பார்கள். கொச்சியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் இருக்கிறது.

சமீப வருடங்களில் ஈராக், பாரசீகம், மொராக்கோ பின்னணியில் புத்தகங்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. நல்ல விஷயம். தமிழர்கள் ஆச்சரியப்படும்படி 2017-ல் பமீலா ஏரன்பெர்க் 'ஹனுக்கா தோசைகளின் ராணி' என்று ஒரு புத்தகமே எழுதினார். பாதி இந்திய, பாதி யூதக் குடும்பம். எண்ணெய்ப் பண்டிகைக்குத் தோசை, சாம்பார்! கிடைத்த இடத்தில் எல்லாம் ஏறித் தொல்லை கொடுக்கிற தங்கை சேடி, கடைசியில் ஏறத் தெரிந்ததாலேயே நிலைமையைக் காப்பாற்றுகிறாள். இரண்டு பண்பாடு கலந்தால் என்ன ஆகும் என்று எங்கும் பாடம் நடத்தவில்லை. தங்கை எதன் மேலாவது ஏறிவிடுவாளோ என்ற கவலைதான் கதை. அதனால்தான் அது கதையாக இருக்கிறது.

மறுப்புகள்

"அமெரிக்காவில் யூதர்கள் சுமார் 2 சதவீதம்தான். டிசம்பரில் வகுப்பு முழுக்க சாண்டா கிளாஸ். தன் வீட்டை ஒரு புத்தகத்தில் பார்ப்பதே அந்தக் குழந்தைக்குப் பெரிய விஷயம். இதில் குறை சொல்லலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புத்தகங்களில் எல்லாம் கிறிஸ்தவக் குழந்தைகளாகவே இருக்கிறார்களே என்று மகளுக்கு ஏற்பட்ட குறைதான் சிட்னி டெய்லரை எழுத வைத்தது. 1951-ல் 'ஒரே மாதிரிக் குடும்பம்' வந்தது. ஆனால் அந்த ஐந்து சகோதரிகளும் நூலகப் புத்தகத்தைத் தொலைக்கிறார்கள், தூசி தட்ட அடம் பிடிக்கிறார்கள், பஸ்கா நேரத்தில் செங்காய்ச்சலில் படுக்கிறார்கள். அதனால்தான் எழுபது வருடம் தாண்டியும் அவர்களைப் படிக்கிறார்கள். தன் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்று கேட்ட குழந்தைக்கு, தலை வாரி பவுடர் பூசிய ஸ்டூடியோ படத்தைக் கொடுப்பது எப்படி உதவியாகும்?

"யூத வெறுப்பு இருக்கிற உலகத்தில் மகிழ்ச்சியை மட்டும் காட்டுவோமே" என்பது இரண்டாவது வாதம். அந்த வெறுப்பு நிஜம். ஆனால் இந்தப் புத்தகங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கின்றன என்று கவனித்தால், பல சமயம் அது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரைப் பார்த்து. "நாங்களும் உங்களைப் போலத்தான், எங்களுக்கும் விளக்கு, பரிசு, இனிப்பு" என்ற சிரிப்பு. வீட்டுக் குழந்தைக்குத் தெரிந்த விஷயத்தை மறுபடி மறுபடி விளக்குவதும் அதனால்தான். புத்தகம் குழந்தையின் கையில், பேச்சு வேறு யாரிடமோ.

மூன்றாவது, காசு. 2005-ல் மாசசூசெட்ஸில் ஹரால்ட் கிரின்ஸ்பூன் அறக்கட்டளை பிஜே லைப்ரரி என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிஜே என்றால் பைஜாமா. தூங்கப் போகும் முன் படிக்கிற புத்தகம் என்று அர்த்தம். யூதக் குழந்தைகள் வளர்கிற வீடுகளுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறார்கள். இஸ்ரேலில் 2009 முதல் எபிரேயத்திலும் 2014 முதல் அரபியிலும் பாலர் பள்ளிகள் வழியாகக் கொடுக்கிறார்கள். ஒரு யூதப் புத்தகம்கூட இல்லாத எத்தனையோ வீடுகளில் இன்று ஒரு அலமாரியே இருக்கிறது. இதை மறுப்பவர் மனசாட்சி இல்லாதவர்.

ஆனால் இவ்வளவு பெரிய ஒரே வாசல் இருக்கும்போது, எழுதுகிறவர் கண்ணும் பதிப்பகத்தின் கண்ணும் அந்த வாசலைப் பார்த்தே இருக்கும். யாருக்கும் உறுத்தாத, எல்லாப் பிரிவினருக்கும் ஒத்துப் போகிற கதைக்கே வரவேற்பு என்று அவர்கள் நினைக்கத் தொடங்குவார்கள். யாரும் தடை போட வேண்டியதில்லை. மீனும் பூதமும் தாமாகவே வெளியே நின்றுவிடும். அட்டையின் உள்மடிப்பில் பெற்றோருக்கு விளக்கக் குறிப்பு தரும் வழக்கம் அங்கே உண்டு. அப்படியானால் விளக்கமெல்லாம் அந்த மடிப்பிலேயே இருக்கட்டுமே! உள்ளே இருக்கிற முப்பது சொச்சம் பக்கத்தையாவது கதைக்கு விட்டுவிடலாம்.

வாங்குகிறவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. பெற்றோர்களோ நூலகர்களோ பண்டிகைப் புத்தகம் எடுக்கும்போது மூன்றே மூன்று விஷயம் பார்க்கலாம். அந்தக் குழந்தைக்குப் பண்டிகையைத் தவிர வேறு ஏதாவது வேண்டியிருக்கிறதா? பெரியவர்களில் யாராவது ஒருவர் ஒரு கேள்விக்காவது "தெரியவில்லையே" என்று சொல்கிறாரா? அருஞ்சொற்பொருளைக் கிழித்துப் போட்டுவிட்டால் புத்தகத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, அடை செய்முறைக்கு ஒரு சமையல் புத்தகத்தை வாங்கிக்கொள்வது உத்தமம். அதிலாவது அளவு சரியாகப் போட்டிருப்பார்கள்.